வீவக வீட்டில் எந்தப் புதுப்பிப்பு விலையாகத் திரும்பி வரும்?

நாலறை வீட்டுக்கு 50,000 வெள்ளி செலவழித்தால் விற்கும்போது அந்த 50,000 வெள்ளியும் விலையில் ஏறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனையில் அப்படி நடப்பதில்லை. சில வேலைகள் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், சில வேலைகள் ஒரு வெள்ளிகூடத் தராது, சில வேலைகள் இருந்த விலையையும் குறைத்துவிடும். எது எந்த வகை என்று முன்கூட்டியே கண்டுகொள்ள, வாங்குபவரின் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.

மதிப்பு வேறு, விலை வேறு

மறுவிற்பனையில் விற்பவரும் வாங்குபவரும் முதலில் ஒரு விலைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். விற்பவர் ஆப்ஷன் கொடுக்கிறார், அதாவது அந்த விலைக்கு வாங்கும் உரிமையை எழுதித் தருகிறார். அதற்கான கட்டணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி, அது 21 நாள் செல்லும். வாங்குபவர் மத்திய சேமநிதிப் பணத்தையோ (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) வீட்டுக் கடனையோ பயன்படுத்துவதாக இருந்தால், ஆப்ஷன் கைக்கு வந்தபிறகு வீட்டின் மதிப்பைத் தெரிவிக்கும்படி கழகத்திடம் விண்ணப்பிக்கிறார். 2014 மார்ச்சிலிருந்து இந்த வரிசைதான் நடப்பில் இருக்கிறது: முதலில் விலை, அப்புறம் மதிப்பு.

அந்த மதிப்பு எதை வைத்து வருகிறது? அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற அதே வகை வீடுகளின் விலை, பரப்பளவு, மாடி, மீதமுள்ள குத்தகைக் காலம், இருப்பிடம். உள் அலங்காரத்துக்கு அதில் மிகச் சிறிய இடம்தான். சில விண்ணப்பங்களில் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வருவதுகூட இல்லை. உங்கள் சமையலறையில் இருப்பது குவார்ட்ஸ் கல்லா, பழைய லேமினேட்டா என்று அவர் பார்க்காமலேயே எண் வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்புக்கொண்ட விலை 615,000 வெள்ளி, கழகம் சொன்ன மதிப்பு 600,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழகக் கடனின் உச்சவரம்பு 2024 ஆகஸ்ட் 20 முதல் 75 விழுக்காடு. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் இந்த விழுக்காடு. ஆகவே கடன் 450,000 வரை. மீதி 150,000 வெள்ளியைச் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். மதிப்புக்கு மேலே நிற்கும் அந்த 15,000 வெள்ளியை மட்டும் கடனிலும் போட முடியாது, சேமநிதியிலும் எடுக்க முடியாது. ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இனி, வாங்கிய வீட்டைப் புதுப்பிக்கும் செலவு. அதற்கும் சேமநிதி கிடையாது. வங்கிகளின் புதுப்பிப்புக் கடன் அதிகபட்சம் 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், எது குறைவோ அது. ஆக மதிப்புக்கு மேல் தரும் பணமும் புதுப்பிப்புப் பணமும் ஒரே பையிலிருந்து போகின்றன. கையில் 30,000 வெள்ளி ரொக்கம் வைத்திருக்கும் ஒரு தம்பதி உங்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். குளியலறை ஒழுகுகிறது, ஒயரிங் பழசு, தரை பெயர்ந்திருக்கிறது, குடிவருவதற்கு முன் 25,000 வெள்ளி வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றினால், உங்களுக்கு மேலே தர அவர்களிடம் 5,000தான் மிஞ்சும். வேலை 5,000 வெள்ளிக்குத்தான் என்று தோன்றினால், பேரம் பேச உங்களுக்கு 25,000 வரை இடம் கிடைக்கிறது. சந்தை மந்தமாக இருக்கும்போது மதிப்புக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். அப்போதும் வேலை குறைவான வீடுதான் முதலில் போகும்.

எனவே எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னும் கேட்க வேண்டியது இதுதான்: வாங்குபவர் இதைப் பார்த்தால் தன் செலவுப் பட்டியலிலிருந்து ஒரு வரியை அடிப்பாரா? நீர் கசியாத குளியலறையைப் பார்த்தால் அடிப்பார். வரவேற்பறைச் சுவரில் பதித்த கருங்கல் அலங்காரத்தைப் பார்த்து அடிக்கமாட்டார். பிடிக்காதவராக இருந்தால் "அதை உடைக்க எவ்வளவு ஆகும்" என்று ஒரு வரி கூட்டிக்கொள்வார்.

யார் வாங்க வருவார்கள்?

நம் சமூகத்து விற்பனையாளர்கள் டைல்ஸ் நிறத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்குக்கும் பேட்டைக்கும் இனவாரி விகித வரம்பு இருக்கிறது. உங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பியிருந்தால், சீனர் அல்லாத நீங்கள் ஒரு சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது. வாங்க வரக்கூடியவர்களின் வட்டம் அதோடு சுருங்கிவிடும். நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படுகிறது. கழகத்தின் இணையச் சேவையில் புளோக் எண்ணைப் போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். வட்டம் சுருங்கிய வீட்டில் பெரிய செலவு செய்து பெரிய விலை எதிர்பார்ப்பது ஆபத்து. அங்கே விலையைக் காப்பாற்றும் அடிப்படை வேலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது குத்தகைக் காலம். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழு வரம்புவரை பயன்படுத்தலாம். கடனும் அதை ஒட்டியே அமையும். 52 ஆண்டு மீதமுள்ள, தோ பாயோ வட்டாரத்து வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால், 43 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு அது கஷ்டமான வாங்கல். அங்கே வருபவர்களில் நடுவயதினரும் பெரியவர்களும் அதிகமாக இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வழுக்காத குளியலறைத் தரை, கைப்பிடி, படி தடுக்காத வாசல். விருந்தினருக்குக் காட்டும் பார் கவுன்டர் அல்ல.

மூன்றாவது, உங்கள் புளோக்கிலும் எதிர் புளோக்கிலும் கடந்த ஓராண்டில் பதிவான மறுவிற்பனை விலைகள். இதுவும் கழகத்தின் இணையப்பக்கத்தில் இலவசம். அதே மாடி வரம்பில் மிக அதிகமாகப் போன விலைதான் ஏறத்தாழ உங்கள் விலைக்கும் கூரை. இப்போதே கேட்கக்கூடிய விலைக்கும் அந்தக் கூரைக்கும் 20,000 வெள்ளிதான் இடைவெளி என்றால் 60,000 வெள்ளி வேலையை விற்பனைக்காகச் செய்வதில் பொருளில்லை. நீங்களே இன்னும் பத்தாண்டு வாழப்போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. வாழ்வதற்காகச் செய்யும் செலவை வாழ்ந்தே தீர்த்துக்கொள்ளலாம், விலையில் தேட வேண்டியதில்லை.

முதல் பணம் தண்ணீருக்கு

வாங்குபவரை மிகவும் பயமுறுத்துவது கசிவு. அதன் செலவை அவரால் கணிக்க முடியாது, அதனால் இருப்பதைவிடப் பெரிதாக எண்ணிக் கழிப்பார். குளியலறைக் கூரையில் மஞ்சள் வளையம், கதவுச் சட்டத்தின் அடியில் உப்பிய மரம், படுக்கையறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் உரிந்த பெயின்ட். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பேச்சு விலைக்குறைப்புக்குப் போய்விடும்.

உங்கள் கூரையில் கசிவு என்றால் அது மேல்வீட்டுத் தரையிலிருந்து வருவது. சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்ந்தது. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவியில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது, மறுபாதியை இரு வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. வெறும் பெயின்ட் அடித்து மறைத்தால் சில மாதங்களில் வளையம் மீண்டும் எழும். பார்க்க வருபவர் புதிய வெள்ளைத் திட்டைக் கண்டால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்றுதான் யோசிப்பார்.

உங்கள் குளியலறையையே புதுப்பிப்பதானால் இரண்டு வழி: பழைய டைல்ஸை உடைத்தெடுப்பது, அல்லது அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது. மேலே ஒட்டுவது மலிவு, சத்தம் குறைவு, சீக்கிரம் முடியும். ஆனால் வாட்டர்புரூஃபிங், அதாவது நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, அடியில் இருக்கிறது. அது போய்விட்டிருந்தால் மேலே எத்தனை அடுக்கு ஒட்டினாலும் கசிவு நிற்காது. தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. கனத்தைத் தாண்டக்கூடாது என்பது கழக விதி. ஏற்கெனவே ஒருமுறை மேலே ஒட்டியிருந்தால் இரண்டாவது முறைக்கு இடமிருக்காது. வெளித்தரையைவிடக் குளியலறைத் தரை உயர்ந்துபோனால் தண்ணீர் கூடத்துக்கே வரும்.

உடைத்துச் செய்யும்போது எந்தப் படியையும் விடக்கூடாது. டைல்ஸையும் பழைய சிமெண்டுப் பூச்சையும் கான்கிரீட் தளம்வரை எடுக்க வேண்டும். பிறகு ஃபுளோர் டிராப்பை (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) நோக்கி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் சரிவு வைத்துத் தளம் பூச வேண்டும். அதன் மேல் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட், ஒன்று காய்ந்தபின் மற்றொன்று, முதல் கோட்டுக்குக் குறுக்காக. சுவரில் 300 மி.மீ. உயரம்வரையும், ஷவர் பகுதியில் 1.8 மீட்டர்வரையும் ஏற்ற வேண்டும். பெரும்பாலான கசிவுகள் நடுத்தரையில் தொடங்குவதில்லை. குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடம், டிராப்பின் கழுத்து, சுவரும் தரையும் சேரும் மூலை ஆகியவைதான் பலவீனமான இடங்கள். இவற்றுக்குத் தனியாக வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்து, தரையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டாரிடம் சொல்லி அவர்கள் குளியலறைக் கூரையைப் பார்த்துவிட்டு வந்தால்தான் சோதனை முழுமை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க விரும்பும் காண்ட்ராக்டர்கள் உண்டு. விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் கட்டிய நாளையும் மறுநாளையும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் வாங்க வருபவரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

கழிவறைப் பேசினை மாற்றும்போது நடக்கும் ஒரு சிறு தவறு பெரிய செலவாகிவிடும். முடிந்த சுவரிலிருந்து கழிவுக் குழாயின் மையம்வரை உள்ள தூரத்தை அளந்து, அதற்கேற்ற பேசினை வாங்க வேண்டும். சுவரில் மேலே டைல்ஸ் ஒட்டினால் அந்தத் தூரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறையும். பழைய அளவை வைத்து வாங்கிய பேசின் உட்காராது. குழாயையோ டிராப்பையோ நகர்த்தலாம் என்று எண்ணாதீர்கள். அவற்றின் அடிப்பகுதி கீழ்வீட்டின் கூரையில் ஓடுகிறது.

கழகத்திடம் முன்பதிவு செய்து வாங்கிய புது பிடிஓ வீடாக இருந்தால், புளோக் கட்டி முடிந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைச் சுவர், தரை டைல்ஸை உடைக்க அனுமதி இல்லை. அசல் வாட்டர்புரூஃபிங்கைக் காக்கத்தான் இந்த விதி.

தண்ணீரோடு சேர்ந்து வரும் இன்னொன்று கூரை கான்கிரீட் பெயர்தல். பழைய புளோக்குகளின் குளியலறையிலும் சமையலறையிலும் இது அதிகம். காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்க, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்புகிறது. உப்பும் கம்பி கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கம்பி ஓடும் திசையில் கோடாக விரிசல், துருக்கறை, தட்டினால் வெற்றொலி ஆகியவை அடையாளங்கள். தளர்ந்ததை நல்ல கான்கிரீட் தெரியும்வரை கொத்தியெடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் துருநீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, பாலிமர் கலந்த பழுதுச் சாந்தை அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். சாதாரண சிமெண்டை அப்பினால் அது மறுபடி விழும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது இதைவிட மோசம், உள்ளே துரு தொடர்ந்து பரவும்.

மின்சாரம்

1994க்கு முன் கட்டிய பல புளோக்குகளில் வீட்டின் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கினால் 6.9 கிலோவாட். உடனடி வாட்டர் ஹீட்டர் சுமார் 3.3, அவன் சுமார் 3, கெட்டில் சுமார் 2.2 கிலோவாட். மூன்றும் ஒரே காலை நேரத்தில் ஓடினால் 8.5 கிலோவாட், மெயின் விழுந்துவிடும். 40 ஆம்பியருக்கு மாற்றினால் 9.2 கிலோவாட்வரை தாங்கும். மாற்றுவதற்குக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும்.

மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். அது இல்லாத பழைய வீடுகளுக்குக் கொடுத்த அவகாசம் 2025 ஜூலை 1இல் முடிந்தது. 1985 ஜூலைக்கு முந்திய வீடானால் டிபி பெட்டியை (மின்விநியோகப் பெட்டி) திறந்து சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஒயரிங்கையும் மாற்றுவதாக இருந்தால் பெயின்டுக்கும் கேபினட்டுக்கும் முன்பே செய்ய வேண்டும். அப்போதே சமையலறை மேடைக்கு மேல் நான்கைந்து பிளக் பாயிண்ட் வையுங்கள். கிரைண்டர், மிக்சி, சோற்றுப் பானை, கெட்டில் என்று வரிசையாக நிற்கும் நம் சமையலறைக்கு இரண்டு பாயிண்ட் போதவே போதாது. நீட்டிப்பு ஒயர் தொங்கும் மேடையைப் பார்த்தாலே வாங்குபவர் ஒயரிங் செலவைக் கூட்டிவிடுவார்.

அரசாங்கம் செய்யப்போவதை நீங்கள் செய்யாதீர்கள்

1997 வரை கட்டிய வீடுகளுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. கான்கிரீட் பெயர்தல், கழிவுக் குழாய் மாற்றம், மின்சுமை உயர்வு போன்ற அத்தியாவசிய வேலைகளின் செலவு முழுவதையும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்கமே ஏற்கிறது. கழிவறை மேம்பாடு, வாசற்கதவு, கிரில் கதவு ஆகியவை விருப்பத்தேர்வு. அவற்றில் உங்கள் பங்கு மூவறைக்கும் அதற்குச் சிறிய வீட்டுக்கும் 5 விழுக்காடு, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 12.5. தகுதிபெற்ற குடியிருப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால் வேலை தொடங்கும். உங்கள் புளோக் தேர்வாகியிருக்கிறதா என்று விசாரிக்காமல் 8,000 வெள்ளிக்கு ஒரு கழிவறையை உடைத்துக் கட்டிவிட்டால், அடுத்த ஆண்டே கழிவுக் குழாயை மாற்ற வருபவர்கள் அதே சுவரைத் திறக்க நேரலாம்.

தரையும் பெயின்ட்டும்

கசிவும் மின்சாரமும் தீர்ந்தபிறகுதான் மேற்பரப்புகள். தரைக்கு இப்போது பலர் கிளிக் வகை வினைல் பலகை போடுகிறார்கள். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே, இரண்டு நாளில் முடியும். தரை சமமாக இருந்தால் மட்டும் இது நல்ல தேர்வு. இரண்டு மீட்டர் நேர்கோலை வைத்துப் பார்த்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. தெரிந்தால் முதலில் சமன்படுத்த வேண்டும். இல்லையேல் நடக்க நடக்கப் பலகைகளின் பூட்டு உடைந்து வாய்பிளக்கும். பலகைகளைப் போடுவதற்கு முன் அந்த அறையிலேயே 48 மணி நேரம் வைக்க வேண்டும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். வெயில் நேரே விழும் சன்னலோரத்தில் பலகை விரிந்து மேலே எழுவது இந்த இடைவெளி இல்லாததால்தான். கனமான கேபினட்டை அதன் மேல் நிறுத்தி அழுத்தக்கூடாது. கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், அதைக் கூலியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டுக்கு ஒரு கணக்கு. 3 மீட்டருக்கு 3.2 மீட்டர் அறை, உயரம் 2.6 மீட்டர். நான்கு சுவர் சேர்ந்து சுமார் 32 சதுர மீட்டர், கதவு சன்னல் போக 28. லிட்டருக்கு ஒரு கோட்டில் 10 சதுர மீட்டர் என்று வைத்தால், இரண்டு கோட்டுக்கு 5.6 லிட்டர். அதாவது 5 லிட்டர் டின் ஒன்று சற்றே போதாது. மேல்கூரைக்குத் தனியாக 2 லிட்டர். பூஞ்சை படிந்த மூலையைக் குளோரின் நீரால் கழுவி, நன்கு காயவிட்டு, சீலர் அடித்தபிறகே நிறம் அடிக்க வேண்டும். அப்படியே மேலே அடித்தால் நம் ஈரக்காற்றில் கறுப்புப் புள்ளிகள் திரும்பி வரும். விற்கும் வீட்டுக்கு வெள்ளையோ வெளிர் சந்தன நிறமோ போதும். ஒரே நிறமாக இருந்தால் கூடமும் அறைகளும் அகலமாகத் தெரியும்.

விற்க இரண்டு மாதமே இருக்கிறது என்றால் செய்யத் தகுந்தவை மிகச் சில: பெயின்ட், டைல்ஸ் இடுக்கில் கறுத்த குரௌட்டை நீக்கிப் புதிதாக நிரப்புதல், சிங்க் ஓரத்து சிலிக்கானை மாற்றுதல், எரியாத விளக்குகள், கிறீச்சிடும் கீல்கள், ஏர்கான் கழுவுதல், ஃபேன் ஆட்டம். செலவிட்டதற்கு மிக அதிகம் திருப்பித் தருவது இந்தச் சில்லறை வேலைகள்தான். சன்னல்களையும் மறந்துவிடாதீர்கள். வெளித் திறக்கும் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எவர்சில்வர் ரிவெட்டாக மாற்றுவது 2004இலிருந்து கட்டாயம்.

சமையலறை, பூசை, சுவர்

சமையலறையில் மிகவும் செலவாகும் பகுதி மரவேலை. விற்பனைக்காக என்றால், பெட்டிப் பகுதி உறுதியாக இருக்கும்வரை கதவுகளையும் கைப்பிடிகளையும் மேடைக் கல்லையும் மட்டும் மாற்றுவது புத்திசாலித்தனம். சிங்க்குக்குக் கீழுள்ள பெட்டியைத் திறந்து அடிப்பலகையை அழுத்திப் பாருங்கள். துகள்பலகை ஈரம் குடித்து உப்பியிருந்தால் அந்தப் பெட்டியை மட்டுமாவது பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ மாற்றுங்கள்.

சமையலறைச் சுவரை உடைத்துத் திறந்ததாக்குவது இப்போது பரவலாக இருக்கிறது. தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கும் வீடுகளுக்கு அது ஒத்துவராது, எண்ணெய்ப்புகை சோபாவரை போகும். இந்திய, மலாய்க் குடும்பங்கள் வாங்க வரும் புளோக்கில் கண்ணாடித் தடுப்பும் பக்கவாட்டில் நகரும் கதவும் நல்ல சமரசம். வெளிச்சம் கிடைக்கும், புகை அடைபடும். பாரம் தாங்கும் சுவரையோ தூணையோ தொடவே முடியாது. மற்றச் சுவர்களுக்கும் கழகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் ஷெல்டரின் (அவசரகாலப் பாதுகாப்பு அறை) சுவர்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை, அதன் இரும்புக் கதவைக் கழற்றவோ மாற்றவோ கூடாது.

இரண்டு படுக்கையறைகளை ஒன்றாக்குவது விலைக்குக் கேடு. நாலறை வீட்டைத் தேடுபவர் மூன்று படுக்கையறை வேண்டும் என்றுதான் வருகிறார். இரண்டுதான் இருக்கிறது என்றால் சுவர் எழுப்பும் செலவைக் கழிப்பார், அல்லது அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மேடை கட்டிய படுக்கை, கூடத்தில் மீன்குளம், அடர்நிறக் கூரை, 2.4 மீட்டருக்குக் கீழே இறங்கும் ஃபால்ஸ் சீலிங் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

பூசை இடம் நமக்கு முக்கியம், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சுவரோடு சுவராகப் பளிங்கில் கட்டிய மண்டபத்தை, வேறு சமயத்தார் வாங்கினால் உடைக்கத்தான் வேண்டும். தனியாக நிற்கும் தேக்கு மாடம் செய்து, பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்டும் மேலே ஒரு விளக்கும் வைத்தால், போகும்போது சாமியோடு மாடமும் கூடவே வந்துவிடும். விளக்கேற்றும் இடத்துக்கு மேலே கேபினட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரிபிடித்த லேமினேட்டைத் துடைத்து மீட்க முடியாது.

கூட்டுரிமை வீட்டில் (காண்டோ) இருப்பவர்களுக்கும் அடிப்படைக் கணக்கு இதுவே. அங்கே நிர்வாகக் கழகத்தின் அனுமதியும் வைப்புத்தொகையும் கூடுதல். பால்கனியை அடைப்பதுபோல் வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்கு அனுமதி கிடைப்பது அரிது.

காகிதமும் காசும்

கழகத்தின் பட்டியலில் உள்ள காண்ட்ராக்டரைத்தான் அமர்த்த வேண்டும். அனுமதி கிடைத்தபின் பழைய புளோக்கில் ஒரு மாதத்துக்குள்ளும் புது புளோக்கில் மூன்று மாதத்துக்குள்ளும் வேலையை முடிக்க வேண்டும். உடைக்கும், துளைக்கும் சத்தவேலை திங்கள் முதல் வெள்ளிவரை, காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள். ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் எந்த வேலையும் கூடாது. அனுமதியில்லாமல் செய்த வேலை விற்கும்போது வெளியே வரும். மறுவிற்பனை விண்ணப்பத்தின்போது கழக அதிகாரி வீட்டைப் பார்வையிடலாம். இடித்த சுவரை எழுப்பு, சேர்த்ததை அகற்று என்று சொன்னால் அது விற்பவர் செலவு, விற்பனையும் தள்ளிப்போகும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது மூன்று பேரிடமாவது ஒரே வேலைக்குறிப்பைக் கொடுத்துக் கேளுங்கள். மலிவாகத் தெரியும் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டிருப்பவை இடிபாடு அகற்றும் செலவு, லிப்ட் முகப்புக்கும் தரைக்கும் பாதுகாப்பு உறை, வேலை முடிந்தபின் துப்புரவு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி. "வாட்டர்புரூஃபிங் உட்பட" என்று ஒரே வரி இருந்தால் போதாது. எத்தனை கோட், எவ்வளவு உயரம், 24 மணி நேரச் சோதனை உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். முன்பணத்தைச் சிறியதாக வைத்து, மற்றதை வேலையின் கட்டங்களோடு இணையுங்கள்: இடித்து முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர்ச் சோதனை தேறியதும் ஒரு பங்கு, டைல்ஸ் ஒட்டியதும் ஒரு பங்கு, குறைகளைச் சரிசெய்தபின் கடைசி 5 அல்லது 10 விழுக்காடு. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனமானால், நிறுவனம் மூடிவிட்டாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே முதல் தவணையைக் கொடுங்கள்.

அனுமதிக் கடிதம், மின்பணியாளர் தந்த சான்று, வாட்டர்புரூஃபிங் உத்தரவாதம், தண்ணீர் கட்டிய படங்கள், ஏர்கான் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வீடு பார்க்க வருபவர் குளியலறைக் கதவைத் திறந்து கூரையை அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் கோப்பை அவர் கையில் கொடுக்கலாம்.